சங்கு ஊதியபோது நான் மறித்த பெண்

ஏ.ஆர்.பி. என்ற விமானத் தாக்குதல் பாதுகாப்புப் படையில் தொண்டனாகச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. விசிலும் இரும்புத் தொப்பியும் கிடைத்த மிதப்பில், மயிலாப்பூரில் எங்கள் தெருவுக்கே நான்தான் கவர்னர். ஜப்பான் விமானம் வந்தால் என்ன செய்வது என்று அன்று ஒத்திகை. சங்கு ஊதியதும் தெரு காலியானது. அடுத்த தெருவிலிருந்து ஒரு பெண் மட்டும் மூச்சிரைக்க ஓடிவந்தார். மறித்தேன்.

"உடு நைனா! எம்பொண்ணு மொட்டமாடில நிக்குது பாரு!" என்று கைலி வியாபாரியின் வீட்டைக் காட்டினார்.

வீடுவாரியாக ஆட்களைக் குறித்த என் பட்டியலில் அந்த வீட்டுக்கு வியாபாரி, அவருடைய எட்டு வயது மகள், தங்கை, மூவர்தான். வியாபாரி ஜன்னல் வழியே கத்தினார்: "தலாக் குடுத்தாச்சு. அவளுக்கு இங்க இன்னா வேலை? தொரத்து தம்பி!"

நானும் மேலே பார்க்காமலே அந்தப் பெண்ணைப் பதுங்கு குழிக்குள் தள்ளினேன். "தொப்பி போட்டா கண்ணு அவிஞ்சுடுமா?" என்று காறித் துப்பினார்.

அபாயம் நீங்கிய சங்கு ஊதியபிறகுதான் நிமிர்ந்தேன். கைப்பிடிச் சுவரின்மேல் ஏறி நின்று அந்தக் குழந்தை விமானத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. நான் ஓடிப்போய் இறக்கினேன். ஒத்திகையாக இருந்ததால் பிழைத்தாள்.

இப்போது பட்டியல் எழுதும்போது, "அம்மா எங்கே இருக்காங்க?" என்று குழந்தையிடமே கேட்டு அந்த விலாசத்தையும் எழுதுகிறேன். வியாபாரி நடுத்தெருவில் நின்று என்னைத் திட்டுகிறார். திட்டட்டும். அடுத்த சங்குக்கு அந்த அம்மாள் ஓடிவந்தால், வியாபாரியின் கதவைத் தட்டப்போவது நான்.