கடைசி பெஞ்சிலிருந்து எண்ணுவது

கந்தர்வக்கோட்டையில் மாடி அறையில் உட்கார்ந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறவன் திருமுருகன். வயது நாற்பத்தொன்று. தொழிற்சாலை கட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றில் முன்னோட்டப் படம் அவன் பொறுப்பு. ஆடுகிறவர் ஓர் இயந்திரத்தை வைக்கப் போகும்போதே, அதற்கு என்ன சரக்கு வேண்டும், நிமிஷத்துக்கு எவ்வளவு வெளியே தள்ளும் என்று மங்கலாகக் காட்ட வேண்டும். "கட்டாத கட்டடத்துக்கு என் தம்பி நிழல் வரையிறான்" என்று தெருவில் சொல்லிச் சிரிப்பாள் அக்கா பிரகதாம்பாள்.

அவள் முந்திரிக் கம்பெனியில் பதினேழு வருஷமாக மேஸ்திரி. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டதும் மாடியேறி வந்து, மவுஸைப் பிடித்து, தம்பியின் விளையாட்டில் ஒரு முந்திரி ஆலை கட்டிப் பார்ப்பாள். போன தை மாதம் அப்படிக் கட்டிய ஆலை பத்தே நிமிஷத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

"ஏன்டா, பாய்லர வச்சப்ப எல்லாம் பச்சையாத்தானே காட்டுச்சு?"

"பாய்லர் சரியாத்தான் ஓடுதுக்கா. தோல் உரிக்கிற இடத்துல தேங்கிருச்சு."

"அத வைக்கிறதுக்கு முன்னாடியில்ல சொல்லணும்? நாங்க காலையில தோலுரிக்க எத்தன பேரு வந்திருக்காகன்னு எண்ணிட்டுத்தான் பாய்லர்ல கொட்டயே போடுவோம். கூடுதலா அவிச்சுட்டா, உரிக்க ஆளில்லாம காய வச்ச பருப்பு மறுநா நமுத்துப் போயிரும். தோலுரிக்கிறவுக ஒக்கார்ற கடைசி பெஞ்சுலேர்ந்து பின்னாடி எண்ணிக்கிட்டு வாடா. எஞ்சினியராம் எஞ்சினியரு!"

அந்த வாரமே மாற்றினான். இப்போது பாய்லரை வைக்கப் போனாலே, படம் வரிசையின் கடைசிவரை ஓடி, எங்கே சரக்குத் தேங்கும் என்று சிவப்பாகக் காட்டியது. ஆடுகிறவர்கள் கொண்டாடினார்கள். கம்பெனி அவனை நேரலையில் பேசவைத்தது. இந்த யோசனை எப்படி வந்தது என்று கேட்டாள் குழுத் தலைவி ஃபர்ஹானா.

"புதுக்கோட்டை பஸ்ல வர்றப்ப சட்டுன்னு தோணுச்சுங்க" என்றான்.

அக்கா என்று வாய்வரை வந்ததுதான். முந்திரி உரிக்கிற இடத்தில் கற்றது என்றால் தன்னை என்ன நினைப்பார்களோ என்று ஒரு நொடி தோன்றியது. அந்த ஒரு நொடியில் பஸ் வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு அக்கா வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. அவள் மகள் பிரகதீஸ்வரி அந்த நேரலையைப் போனில் போட்டுக் காட்டியிருந்தாள். தெருவில் எதிர்ப்பட்டால், "நல்லாருக்கியா?" அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மீன்குழம்பு மட்டும் வழக்கம்போல் பிரகதீஸ்வரி கையில் வந்தது. இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டான்.

மூன்றாவது வாரம் ஃபர்ஹானாவுக்கு நடந்ததை அப்படியே எழுதினான். திட்டு விழும் என்று காத்திருந்தவனுக்குப் பதில் சாதாரணமாகத்தான் வந்தது: விளையாட்டில் அவர் பெயரைப் போட்டுவிடலாம், அடுத்த மாற்றத்தையும் உங்கள் அக்கா பார்த்துச் சொல்வார்களா?

அவன் போனபோது அக்கா தன் வீட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பஸ்ல வந்துச்சாமே?"

"தப்புத்தான்க்கா. எழுதிட்டேன். ஒம் பேரப் போடுறாங்க."

"பேரு கெடக்கு. முந்திரி உரிக்கிற எடத்துல இருக்கிறவ சொன்னான்னு சொல்ல ஒனக்குக் கூச்சமாப் போச்சுல்ல?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். சொன்னால் அது இரண்டாவது பொய்.

"ஆமாக்கா" என்றான்.

அவள் இரண்டு காம்பு ஆய்ந்து முடித்தாள்.

"புதுசையும் நீ பாக்கணும்ங்கிறாங்க" என்றான்.

"கேக்கணும்னா என்னை நேரா கேக்கச் சொல்லு. ஒன்னை நம்பி இனிமே எதையும் குடுத்தனுப்ப மாட்டேன்."

ஃபர்ஹானாவை வீடியோவில் அழைத்தான். அக்காவின் கை நிறையக் கீரை. போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான்.

"வணக்கம் மேடம். நல்லாருக்கீங்களா? ஒண்ணு விட்டுப்போச்சுங்க. ஒங்க படத்துல எல்லாப் பருப்பும் முழுசாவே வருது. நெசத்துல நூத்துக்குப் பதினஞ்சு ஒடஞ்சுதாங்க வரும். அதுக்குத் தனியா எடம், தனியா ஆளு வேணும்ல? தையிலயே பாத்துட்டேன். தம்பிக்கிட்டச் சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அவன் நேரலையில வந்துட்டான்."

ஃபர்ஹானா சிரித்தாள். பிறகு கேள்விமேல் கேள்வி கேட்டாள். பிரகதாம்பாள் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள். அரை மணி நேரம் போனது. திருமுருகனுக்குக் கை கடுத்தது. போனைக் கீழே வைத்துவிடு என்று அக்கா சொல்லவில்லை. கை மாற்றிக்கொள்ளட்டுமா என்று அவனும் கேட்கவில்லை.