விக்டோரியா கேட்ட கால் மணி நேரம்

எங்கள் கும்மிடிப்பூண்டி இரும்பாலையில் விக்டோரியாவை வாயாடி என்பார்கள். எடைமேடையில் உட்கார்ந்து லாரி நிறுக்கிற நான் சொல்கிறேன், வாயில்லாப் பூச்சியாக இருந்திருந்தால் அவளை என்றைக்கோ மிதித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

பக்கத்துப் புதுவாயல் ஊர்க்காரி. அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர். இவள் கணினி படித்து எங்கள் சர்வரைப் பார்த்துக்கொள்ள வந்தாள். கணவன் அன்பு இதே ஆலையில் உலை முன்னால் நிற்கிறவன். உலையைக் குளிரவைக்கிற தண்ணீர் நின்றுபோனால் உலை வெடிக்கும். அதற்கு முன்பே கத்தி ஆட்களை விரட்டுவதற்கு ஓர் அலாரம் உண்டு.

அந்த அலாரம் ஓடுகிற சர்வரிலேயே லாரிகளைப் படம் பிடிக்கிற கேட் கேமராவின் மென்பொருளையும் ஏற்றச் சொன்னார் மேனேஜர் மோகன்ராஜ். இன்னொரு சர்வர் வாங்க அவருக்கு மனசு வரவில்லை. ஒவ்வொரு மென்பொருளும் கன்டெய்னர் என்கிற தனித்தனிப் பெட்டிக்குள் ஓடும். ஆனால் கேமரா விற்றவன் தன்னுடையதை ரூட்டாக, அதாவது சகல அதிகாரமும் உள்ள ஆளாக, ஓடவிட்டுப் போயிருந்தான். அதற்குள் புகுந்த எவனாவது பெட்டியை உடைத்துக்கொண்டு வெளியே வந்தால் மொத்தச் சர்வரும் அவன் கையில். அலாரத்தையே அணைத்துவிடலாம். இதைச் சொல்லிச் சொல்லி விக்டோரியாவுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். எவனோ ஒரு சோம்பேறி செய்த வேலைக்கு இவள் தொண்டை கிழிய வேண்டுமா? எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே அந்தக் கேமரா மென்பொருளைச் சாதாரணப் பயனராக ஓடும்படி மாற்றிவிட்டாள். திங்கள் காலை கேமரா படத்தைச் சேமிக்க மறுத்தது. படம் பதியாமல் கேட் திறக்காது. லாரிகள் ரோடு வரைக்கும் நின்றன. டிரைவர்கள் என் ஜன்னலைத் தட்டித் திட்டினார்கள்.

மோகன்ராஜ் அங்கேயே வந்து, கேட்டைப் பார்க்க ஓடி வந்திருந்த அவளை எல்லோர் முன்னாலும் பிடித்துக்கொண்டார். "இன்னாம்மா பண்ணிக்கினு கீற? நல்லா ஓடினு இருந்தத எதுக்கு நோண்டுன?"

"பழைய படம் வெச்ச ஃபோல்டரு ரூட் பேர்லயே கீது சார், சாதா ஆளா ஓடுறப்ப அதுல புதுப் படம் போட முடியல. அத நான் பாக்காம உட்டது தப்புதான். கால் மணி நேரம் குடுங்க, மாத்திடறேன்."

"ஒண்ணும் வாணாம். ரூட்லயே உடு. இல்லன்னா நாளைலேந்து வேலைக்கு வராத."



"சரி சார், ரூட்லயே ஓடட்டும். ஆனா அலாரம் ஓடுற சர்வர்லேந்து எடுத்து உங்க ரூம் கம்ப்யூட்டர்ல போட்டு ஓட்டிக்கிறேன்."

"என் கம்ப்யூட்டர்லயா? எவனா பூந்துட்டான்னா? கம்பெனி கணக்கெல்லாம் அதுல கீது."

"உலைகிட்ட எங்க ஊட்டுக்காரரு கீறாரு சார்."

மோகன்ராஜ் தன் ரூமுக்குத் திரும்பிப் போய்விட்டார். அவள் சர்வர் அறைக்குப் போய் அந்த ஃபோல்டரைச் சாதாரணப் பயனர் பேருக்கு மாற்றினாள். அவள் கேட்ட கால் மணி நேரத்திலேயே கேட் திறந்தது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அந்த ஆள் வாயிலிருந்து இன்று வரை வரவில்லை.