வேறயா வெச்சிருக்கு

மாத்தளைக் கடைவீதியில் போய் அப்துல் ஸமத் எங்கே என்று கேட்டால் ஆட்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். வசவாசி நானா எங்கே என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் கடைவாசலில் விடுவார்கள். சாதிக்காய்க் கொட்டையின் மேல் சிவப்பாகப் பின்னிக்கொண்டு கிடக்கிறதே, அதற்குத்தான் இந்தப் பக்கத்தில் வசவாசி என்று பேர். அதையும் மிளகையும் கராம்பையும் முப்பத்தைந்து வருடமாக வாங்கி விற்கிறவர் அவர். ஆனால் பட்டப்பேர் வந்தது வியாபாரத்தால் மட்டும் இல்லை. மனதை விடாமல் அரிக்கும் சந்தேகத்தை முஸ்லிம்கள் ‘வஸ்வாஸ்’ என்பார்கள். தொழுகைக்குக் கைகால் கழுவிவிட்டு, சரியாக நனைந்ததா இல்லையா என்று திரும்பத் திரும்பக் கழுவுகிறவனுக்கு இருப்பது வஸ்வாஸ். இந்த இரண்டு சொல்லையும் ஒன்றாக முடிச்சுப் போட்டது யாரென்று தெரியாது. நல்ல வாய்க்காரனாகத்தான் இருக்க வேண்டும்.

ஸமத் நானாவின் வஸ்வாஸ் தண்ணீரில் இல்லை, சோற்றில் இருந்தது. ஒரு கறி இன்னொரு கறியைத் தொடக்கூடாது. பருப்பு ஒழுகிப் போய்ச் சம்பலில் முட்டினால் அந்தச் சம்பல் அவருக்கு முடிந்து போனது. சோறு நடுவில், கறிகள் சுற்றிவரத் தனித்தனிப் பீரிஸ்களில். தேநீர்க் கோப்பைக்கு அடியில் மற்ற வீடுகளில் வைக்கும் பீரிஸ்கள் அந்த வீட்டில் கோப்பையையே கண்டதில்லை. ஒரு வாய் சோறு, பிறகு ஒரு துண்டு இறைச்சி, பிறகு ஒரு விரல் சம்பல். வயிற்றுக்குள்ளே போய் எல்லாம் ஒன்றாகத்தானே கலக்கிறது என்று கேட்காதவர்கள் இல்லை. “அங்க எனக்குக் கண் இல்லியே” என்பார்.

காரணம் கேட்டால் அவருக்கே தெரியாது. அருவருப்பு என்று சொல்லவும் முடியாது. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று சுருண்டுகொள்ளும், நெற்றி வியர்க்கும், அவ்வளவுதான். சின்ன வயதில் அடித்துப் பார்த்தார்கள், ஓதிப் பார்த்தார்கள், பட்டினி போட்டும் பார்த்தார்கள். பிள்ளை மெலிந்ததுதான் மிச்சம்.

ஸக்கியா கல்யாணம் கட்டி வந்து ஒரு கிழமைக்குள் விளங்கிக்கொண்டாள். வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் எதற்காவது கோபம் வந்தால் மட்டும், “நான் உங்களக் கட்டல்ல, பீரிஸ் கழுவுற வேலைக்கு வந்தேன்” என்பாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு கடைக்குப் போய்விடுவார். அதில் அவருக்குக் கவலை உண்டு, வெட்கமும் உண்டு. சொல்லத்தான் தெரியாது.

இந்த மனிதருக்கு உலகத்தில் பயமான பொருள் ஒன்றுதான். அது சஹன்.

முஸ்லிம் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட்டவர்களுக்கு அதைச் சொல்லிக் காட்டத் தேவையில்லை. பெரிய வட்டத் தட்டத்தில் நெய்ச்சோற்றைக் குவித்து, அதன் மேலேயே இறைச்சியும் கோழியும் களியாவும் கத்தரிக்காயும் அச்சாறும் வைத்து, ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டத்தில் கைபோட்டுச் சாப்பிடுவார்கள். ஒரே சஹனில் சாப்பிட்டவர்களுக்குள் பகை இருக்கக்கூடாது என்று ஒரு நினைப்பு. பக்கத்தில் இருப்பவர் நல்ல துண்டாகப் பார்த்துப் பிய்த்து நம் பக்கம் தள்ளிவிடுவார். அதுதான் மரியாதை. ஸமத் நானாவுக்கோ அந்தத் துண்டு சோற்றைக் கிழித்துக்கொண்டு குழம்போடு தன்னை நோக்கி வருவதை நினைத்தாலே வியர்க்கும். எல்லாக் கல்யாணத்துக்கும் நிகாஹ் முடியும்வரை இருப்பார். சோறு வரும் நேரம் பார்த்துக் கடையில் ஆள் இல்லை என்று கழன்றுவிடுவார்.

சொந்த மகளின் கல்யாணத்தில் எங்கே கழல்வது?

மகள் றுஸ்னாவை நாவுலப் பக்கம் கொடுத்தார்கள். மாப்பிள்ளை றிஸ்வானுக்குக் கட்டாரில் வேலை. அவனுடைய வாப்பா மஹ்ரூப் வயல் செய்கிறவர், வெங்காயமும் போடுவார். உரத்த குரல், பெரிய சிரிப்பு, வெடித்துப்போன கை. மாப்பிள்ளை வீட்டு விருந்தில் முதல் சஹனிலேயே சம்மந்தியைத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டார். ஸமத் நானா கண்ணை மூடிக்கொண்டு பிஸ்மி சொன்னார். தன் பக்கத்து ஓரத்தில் வெறும் சோற்றில் ஒரு வாய் எடுத்தார். இப்படியே ஓரமாகவே கொறித்துக்கொண்டு சமாளித்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தார்.

“என்ன சம்மந்தி, குருவி கொத்துற மாதிரி! வயல்காரன் வீட்டுச் சோறு, வாரிச் சாப்பிடுங்க” என்று மஹ்ரூப் கோழிக்காலைத் தன் கையாலேயே பிய்த்து அவர் பக்கம் தள்ளினார். அதன் மேல் களியாக் குழம்பை ஊற்றி, கத்தரிக்காயையும் சேர்த்து, விரல்களால் நன்றாகப் பிசைந்தும் விட்டார்.

ஸமத் நானா எழுந்துவிட்டார்.

ஐந்து பேர் கை சஹனில் நின்றுபோனது. “வயிறு சரியில்ல சம்மந்தி, நீங்க சாப்பிடுங்க” என்றார். குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. எழுந்தவர் வெளியே போய்ச் சும்மாவாவது நின்றிருக்கலாம். விதி, பசியும் எடுத்தது. வந்த வேனில் ஸக்கியா முன்யோசனையாக டிபன் கெரியரில் சாப்பாடு வைத்திருந்தாள். பின் சீட்டில் அதை அடுக்கடுக்காகக் கழற்றி வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சம்மந்தியின் வயிற்றுக்கு நல்லது என்று இஞ்சி போட்ட பிளேன்டீயைக் கையில் ஏந்திக்கொண்டு மஹ்ரூப் வேன் கதவைத் திறந்தார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மஹ்ரூப் கெரியரின் நாலு தட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு பிளேன்டீயைச் சீட்டில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனார்.

அந்த மௌனத்தைத்தான் ஸமத் நானாவால் தாங்க முடியவில்லை. ஏசியிருந்தால் பதிலுக்கு உண்மையைச் சொல்லியிருப்பார். வயல்காரன் கை அழுக்கு என்று எழுந்தேன் என்றல்லவா நினைத்திருப்பான் அந்த மனிதன் என்று கிடந்து புழுங்கினார். “போய் விஷயத்தச் சொல்லுங்களேன், சிரிச்சிட்டு விட்டுருவார்” என்றாள் ஸக்கியா. அறுபதை நெருங்கிய ஆம்பிளை, கறி தொட்டால் சோறு இறங்காது என்று சம்மந்தி முன்னால் போய் எப்படிச் சொல்வது? நாளைக்கு, அடுத்த கிழமை என்று தள்ளினார். அதற்குள் றுஸ்னாவும் மாப்பிள்ளையும் கட்டாருக்குப் போய்விட்டார்கள்.

மூன்றாம் மாதம் பழனிமுத்து வந்தான். நாவுலப் பக்கத் தோட்டங்களில் மிளகு பறித்துக் கடைக்குக் கொண்டுவருகிறவன். ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டான், குறைக்கவும் மாட்டான்.

“முதலாளி, ஒங்க சம்மந்தி ஒரு சேதி சொல்லச் சொன்னாருங்க.”

“என்ன சேதி?”

“‘அவருக்கு வேறயா வெச்சிருக்கு, வரும்போது வரட்டும்’ அப்படின்னாருங்க.”

ஸமத் நானாவின் முகம் செத்துப்போனது. எல்லோரும் ஒரு சஹனில் இருக்க ஒருவனுக்கு மட்டும் வேறாக வைப்பதென்றால், ஒட்டாதவன் என்று ஒதுக்கி வைப்பது. வரும்போது வரட்டும் என்றால், வந்தால் என்ன வராவிட்டால் என்ன. ஆக, மனிதன் ஆள் விட்டுச் சொல்லியனுப்புகிற அளவுக்குப் போய்விட்டான். பழனிமுத்துவுக்குச் சஹனும் தெரியாது, சம்மந்திக் கணக்கும் தெரியாது. சொன்னதைச் சொல்லிவிட்டு மிளகை நிறுக்கப் போய்விட்டான்.

அந்தச் சேதியை ஸமத் நானா ஒருவரிடமும் சொல்லவில்லை, ஸக்கியாவிடம்கூட. சொல்லியிருந்தால் அவள் ஒரு நிமிடத்தில் முடிச்சை அவிழ்த்திருப்பாள். பெருநாளுக்கு நாவுலயில் இருந்து சாக்கு நிறைய வெங்காயமும் பூசணிக்காயும் வந்தபோது, ஊருக்காகச் செய்கிறான் என்றார். இங்கிருந்து வட்டிலப்பம் போனது, அவர் போகவில்லை. “மாமா உங்கள ஒருநாள் வந்து சாப்பிட்டுப் போகச் சொல்றார் வாப்பா” என்று றுஸ்னா கட்டாரில் இருந்து போனில் சொன்னபோதெல்லாம், முழங்கால் வலி என்றார், சாதிக்காய்க் காலம் என்றார். நாலு வருடம் இப்படியே போனது.

போன மாசி மாதம் மஹ்ரூப் வரப்பில் இருந்தபடியே சரிந்து மௌத்தானார். ஜனாஸாவில் ஸமத் நானா கடைசி வரிசையில் நின்றார். மூன்று கைப்பிடி மண் போட்டபோதுதான், அந்தக் கை பிசைந்து தந்த சோற்றை ஒரு வாயாவது தின்றிருக்கலாமே என்று நெஞ்சு கேட்டது. வழி நெடுகக் கேட்டது.

அன்று வீட்டுக்கு வந்து, “நாளையில இருந்து எனக்கு எல்லாத்தையும் ஒரே பிங்கான்ல போடு” என்றார். ஸக்கியா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

“சம்மந்திட நாப்பதாம் நாள் கத்தம் ஓதிச் சஹன் வெப்பாங்க. நான் இருந்து சாப்பிடணும்.”

முதல் நாள் பருப்பு சோற்றுக்குள் இறங்கியதைப் பார்த்ததுமே எழுந்துவிட்டார். மூன்றாம் நாள் இரண்டு வாய் விழுங்கி, கிணற்றடியில் போய் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தார். இரண்டாம் கிழமை கண்ணை மூடிக்கொண்டு கால் பிங்கான். கடைசிக் கிழமை கண்ணைத் திறந்துகொண்டே, வியர்த்து வடிய வடிய, முழுப் பிங்கானும். அறுபது வருடத்தில் முடியாதது ஒரு மாதத்தில் முடிந்தது. முடியக்கூடிய காரியமாகத்தான் இருந்திருக்கிறது என்ற நினைப்பு, வாந்தியை விடக் கசந்தது.

நாற்பதாம் நாள் நாவுலயில், யாரும் கூப்பிடும் முன்பே மஹ்ரூபின் தம்பிமார் இருந்த சஹனில் போய் இருந்தார். கட்டாரில் இருந்து வந்திருந்த மாப்பிள்ளை றிஸ்வான் திகைத்துப் பார்த்தான். ஸமத் நானா சட்டைக் கையை மடித்தார், பிஸ்மி சொன்னார். குழம்பு வழிந்த இடமாகப் பார்த்துத்தான் கையை நீட்டினார்.

அப்போது உள் அறையின் திரைக்குப் பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. மஹ்ரூபின் மனைவி பஸ்லா. புருஷனை இழந்து இத்தாவில் இருக்கிறவள், ஆண்கள் முன் வர மாட்டாள்.

“றுஸ்னா, வாப்பாவ அதுல கை வெக்க வேணாண்டு சொல்லுங்க மகள். அவருக்கு வேறயா வெச்சிருக்கு.”

அதே சொல். ஸமத் நானாவின் கை சஹனுக்கு மேலேயே நின்றது. இந்த வீட்டில் இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம், எனக்கு இது வேண்டியதுதான் என்று நினைத்தார்.

திரையை விலக்கிக்கொண்டு றுஸ்னா வந்தாள். கையில் ஒரு சில்வர் தட்டம். ஐந்து குழி பிரித்த தட்டம். பெரிய குழியில் வெள்ளைச் சோறு, ஒன்றில் இறைச்சி, ஒன்றில் களியா, ஒன்றில் கத்தரிக்காய், ஒன்றில் அச்சாறு. ஒன்றை ஒன்று தொடவில்லை.

“இது...” என்றார்.

“அவர்தான் நாவுலச் சந்தையில தேடி வாங்கின” என்றது திரைக்குப் பின்னால் இருந்த குரல். “மகள் கட்டாருக்குப் போக முந்தி உங்கட பழக்கத்தச் சொல்லிட்டுத்தான் போனா. உங்களுக்கு வெக்கமாப் போகும்ண்டு உங்களிட்ட அதச் சொல்லல்ல. ‘பாவம் மனுசன், தெரியாம நான் பிசஞ்சு விட்டுட்டேனே’ண்டு அவர் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டார். ஒவ்வொரு பெருநாளைக்கும் இத எடுத்துக் கழுவி வெக்கச் சொல்லுவார். பழனிமுத்துட்டயும் சொல்லி விட்டாரே சம்மந்தி, சேதி வரல்லியா?”

அறையில் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். வரவில்லை என்று ஒரு பொய் சொன்னால் பழனிமுத்துவின் தலையில் போய்விடும், தான் தப்பித்துக்கொள்ளலாம்.

“வந்திச்சு சம்மந்தி” என்றார். “சொல்லுக்குச் சொல் சரியாத்தான் வந்திச்சு. நான்தான் பிழையா எடுத்துட்டேன்.”

மஹ்ரூபின் கடைசித் தம்பி தள்ளி இருந்து இடம் கொடுக்க, தட்டத்தைச் சஹனின் ஓரத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு ஸமத் நானா சாப்பிட்டார். அந்தத் தம்பி ஒரு கோழித்துண்டைப் பிய்த்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு முழித்தான். “சோத்து மேலயே வை தம்பி” என்றார். அது குழம்போடு சோற்றில் விழுந்தது. தின்றார். கண்ணீர் தாடியில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

புறப்படும்போது றுஸ்னா தட்டத்தைக் கழுவித் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். “கொண்டு போங்க வாப்பா. உங்களுக்கெண்டு வாங்கினதுதானே.”

ஸமத் நானா அதை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். நாலு வருடம் கழுவிக் கழுவி வைத்ததில் அடியில் ஒட்டியிருந்த கடைச் சீட்டு பாதி அழிந்திருந்தது. திரும்ப மகளிடமே கொடுத்தார்.

“இங்கயே இருக்கட்டும் மகள். நான் வந்து சாப்பிடுறேன்” என்றார்.

இந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஒரு மனிதர் நாலு வருடம் காத்திருந்தார்.