பத்துக்கு நாலு

சிவாஜினி காலை ஆறரைக்கே அயன் பண்ணும் மேசையை விரித்துவிட்டாள். வெள்ளைச் சேட், சாம்பல் நிறக் களுசான். காலர் முனை மடங்கியிருக்கிறது என்று கணவர் அருமைராசா இரண்டு தரம் திருப்பிக் கொடுத்தார்.

"டொக்டரிட்டப் போறியளோ, பொம்பிளை பாக்கப் போறியளோ?"

"கசங்கின சேட்டோட போய் நிண்டா மதிப்பினமே?"

"நொண்டிக்கொண்டு போய் நிண்டாத்தானப்பா மதிப்பினம்."

அருமைராசாவுக்கு அறுபத்தொரு வயது. மொன்றியலுக்கு வந்த புதிதில் தையல் தொழிற்சாலையில் துணிக்கட்டுத் தூக்கினார். பிறகு இருபத்திரண்டு வருடம் சென்ட் லோரன்டில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினார். இந்த இடுப்பு வருத்தம் வரும்வரை அவர் சுகமில்லை என்று எடுத்த லீவு நான்கு நாள். அதில் இரண்டு, மகள் வித்தியா பிறந்தபோது எடுத்தது. கைமுறிந்து கட்டுப் போட்டிருந்த காலத்திலும் எப்படி என்று கேட்டவர்களுக்கெல்லாம் "பரவாயில்லை" என்றுதான் சொன்னார்.

வலது இடுப்பு மூட்டுத் தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறது என்று எக்ஸ்றேயில் தெரிந்து இப்போது பத்தொன்பது மாதம். கிளினிக்கின் முதல் கடிதம் பழைய விலாசத்துக்குப் போனது. இரண்டாவது தடவை நாள் குறித்து, அதற்கு முதல்நாள் பின்னேரம் போன் பண்ணி இல்லை என்றார்கள். மூன்றாவது தடவை டொக்டர் லீவு, பதிலுக்கு ஓர் இளம் டொக்டர்ப் பொடியன் இருந்தான். சிவாஜினிக்கு அன்று வேலை. கார்டெறி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் சமைக்கிறவள், நினைத்தபடி வரமுடியாது. அருமைராசா தனியாகப் போனார். நோ எவ்வளவு, பத்துக்குச் சொல்லுங்கள் என்று பொடியன் கேட்டானாம். இவர் நாலு என்றாராம். கணினியில் நாலு ஏறியது. ஒப்பரேசனுக்குச் சாதாரண வரிசை. இரண்டு வருடம் ஆகலாம்.

"என்னெண்டப்பா நாலு சொன்னனீங்கள்?" என்று அன்றிரவு அவள் கத்தினாள்.

"பத்து எண்டா செத்தவன். பிள்ளைப்பெறுற நோ ஒரு எட்டு இருக்கும். பேந்து நான் என்னத்தைச் சொல்லுறது?"

"நீங்கள் பெத்துப் பாத்தனீங்களோ?"

கம்பெனி கொடுத்த சுகவீன லீவு மார்கழியோடு முடிகிறது. அதற்குள் ஒப்பரேசன் நடக்காவிட்டால் வேலை போய்விடும். வரிசையை மாற்றித் தரச்சொல்லிக் கேட்கத்தான் இன்றைய கிளினிக். அவள் சம்பளமில்லாமல் ஒரு நாள் எடுத்திருந்தாள்.

கொடுத்த நேரம் எட்டரை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த வரவேற்புப் பெண் செலீன் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு இருக்கச் சொன்னாள். ஒன்பதரைக்கு சிவாஜினி எழும்பிப்போய்க் கேட்டாள்.

"எல்லாருக்கும் எட்டரைதான், மதாம்" என்றாள் செலீன்.

சிவாஜினி திரும்பிப் பார்த்தாள். பதினெட்டுப் பேர்.

அருமைராசா மட்டும் காலை நீட்டிச் சாய்ந்திருந்து, பக்கத்துக் கதிரைக்காரரோடு பிரெஞ்சில் ஹொக்கி கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவளுக்குச் சந்தேகம் தட்டியது.

"இஞ்சருங்கோ, நோக்குளிசை போட்டனீங்களோ?"

"ரெண்டே ரெண்டு."

"இண்டைக்குப் போடவேண்டாமெண்டு எத்தினை தரம் சொன்னனான்! நோவோட போனாத்தானே டொக்டருக்குத் தெரியும்?"

"சனத்துக்கு முன்னால முனகிக்கொண்டு இருக்கச் சொல்லுறீரோ? மெதுவாக் கதையும், பாக்குதுகள்."

"அதுகளுக்குத் தமிழ் விளங்கப்போகுது!"

பதினொன்று ஆனது. பன்னிரண்டுக்குச் செலீன் சாப்பிடப் போய்விட்டாள். கண்ணாடியில் ஒரு காகிதம் தொங்கியது. சிவாஜினி கொண்டுவந்த இடியப்பத்தை இவர் பொது இடத்தில் சாப்பிட மாட்டேன் என்றார். அவள் கோபத்தில் அவருடையதையும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

ஒரு மணிக்கு அவர் கதையை நிறுத்தினார். கதிரையில் ஒரு பக்கம் சரிந்தார், மறுபக்கம் சரிந்தார், சேட்டின் முதுகு நனைந்திருந்தது. குளிசையின் வேலை முடிந்துவிட்டது. பத்தொன்பது மாதத்தில் கிளினிக்காரரின் தாமதத்தால் தனக்குக் கிடைத்த ஒரே பிரயோசனம் இதுதான் என்று சிவாஜினி நினைத்தாள்.

ஒன்றே காலுக்குக் கூப்பிட்டார்கள். இது நாலாவது தடவை. டொக்டர் நாற்பது வயதுப் பெண். கண் திரையில் இருந்தது.

"சவா, மெசியூ?" என்று சுகம் கேட்டார்.

"சவா" என்றார் அருமைராசா, பல்லைக் கடித்துக்கொண்டு.

நோ பத்துக்கு எவ்வளவு?

"நாலு. அஞ்செண்டும் சொல்லலாம்" என்று பிரெஞ்சில் சொன்னார்.

"ஒன்பது!" என்றாள் சிவாஜினி.

"நோயாளி சொல்லட்டும், மதாம்."

படி ஏற முடிகிறதா? முடிகிறது. வீடு இருக்கும் மூன்றாம் மாடிக்கு ஏற அவருக்குப் பதினைந்து நிமிடம் எடுக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. தனியாகக் குளிக்கிறீர்களா? ஓம். சொக்ஸை நீங்களே போடுகிறீர்களா?

"உய்" என்று தலையாட்டினார்.

ஒரு வருடமாக ஒவ்வொரு காலையும் அதைப் போட்டுவிடுகிறவள் சிவாஜினி. அவள் எழும்பி, அவர் காலடியில் குந்தினாள். வலது சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தாள். சொக்ஸை உருவி அவர் கையில் வைத்தாள்.

"போடுங்கோ."

"என்ன விசர்வேலை இது? எழும்பும்."

"போடுங்கோவன்."

டொக்டர் திரும்பிப் பார்த்தார். வேறு வழியில்லாமல் அருமைராசா குனிந்தார். கை முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் போய் நின்றது. காலைத் தூக்கிப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. மூன்றாம் முறை, அவள் இருபத்தேழு வருடத்தில் கேட்டிராத ஒரு சத்தம் அவர் தொண்டையிலிருந்து வந்தது.

டொக்டர் மேசையைச் சுற்றி வந்தார். காலை மெதுவாகப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, உடனே விட்டார். திரும்பிப்போய்க் கனநேரம் தட்டினார்.

"முன்னுரிமை வரிசைக்கு மாற்றியிருக்கிறேன்."

"மார்கழிக்கு முதல் நடக்குமோ?" என்று சிவாஜினி கேட்டாள்.

"நடக்கலாம். திகதி என் கையில் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள்."

அருமைராசா சொக்ஸைச் சுருட்டிப் பொக்கற்றில் வைத்தார். வெறுங்காலைச் சப்பாத்துக்குள் திணித்தார். மேசை விளிம்பைப் பிடித்து எழும்பினார். அவள் நீட்டிய கையைப் பார்க்கவில்லை.

"இஞ்சருங்கோ" என்றாள். "நல்லா நோகுதோ?"

கயிறு கட்டாத சப்பாத்தை இழுத்து இழுத்து, சுவரைப் பிடித்தபடி அவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.