ஓரகத்தியின் ஜெபத்துக்கு ஒரு ஆமென்

என் ஓரகத்தியைப் பற்றி யாராவது நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் எனக்கு வயிறு எரியும். பதினோரு வருஷமாக எரிகிறது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

என் கொழுந்தன் இறந்த ஆறாம் மாதம் அவள் ஆஸ்பத்திரியில் வார்டு துடைக்கும் வேலைக்குப் போனாள். துடைத்தோமா, வந்தோமா என்று இருக்கவேண்டியதுதானே? மாட்டாள். பார்க்க ஆளில்லாத நோயாளி எந்தக் கட்டிலில் கிடக்கிறார் என்று தேடிப் போய் உட்காருவாள். தலை வாரிவிடுவாள், நகம் வெட்டிவிடுவாள். அவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் அவளுக்கு ஒன்றுதான். சபையில் எல்லார் வாயிலும் அவள் பேச்சு. இருபது வருஷமாகப் பாடகர் குழுவுக்கு அங்கி தைத்துக் கொடுக்கும் என்னை ஏனென்று கேட்க நாதியில்லை.

புதன்கிழமை சாயங்காலம் வீட்டு ஜெபத்தில் வஞ்சம் தீர்த்துக்கொள்வேன். "ஊருக்கு நல்லவளா நடிக்கிறவங்க கண்ணைத் திறங்க ஆண்டவரே" என்று, என் கண்ணை மூடிக்கொண்டே அவளைக் குத்துவேன். அதற்கு எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொல்வது அவள்தான். புரியாமல் சொல்கிறாளா, புரிந்தே சொல்கிறாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் ஜெபத்துக்கு நான் ஒருமுறைகூட ஆமென் சொன்னதில்லை.

போன மாதம் குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. கணவரிடம்கூடச் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவளுடைய லீவு நாளாகப் பார்த்துத்தான் போனேன். மகராசி, லீவு நாளிலும் யாருக்கோ நகம் வெட்ட வந்திருந்தாள். ஊசியால் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி முடிக்கும்வரை என் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே நின்றாள். யாரிடமும் சொல்லாதே என்றேன். தலையாட்டினாள். நான் நம்பவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் அன்றைக்கே பரப்பியிருப்பேன்.

புதன்கிழமை வந்தது. முடிவு தெரிய இன்னும் இரண்டு நாள். சபையில் ஒருவருக்கும் விஷயம் தெரியவில்லை. அவள் முறை வந்தது.

"ஆண்டவரே, ஒருத்தங்க ரொம்ப பயந்துபோய் இருக்காங்க. அவங்க பேரு உங்களுக்குத் தெரியும். அவங்க இல்லேன்னா எங்க வீடு வீடா இருக்காது. நல்ல சேதி தாங்க."

இந்த வாய் அவளுக்கு ஆமென் சொன்னால் அது யாரென்று எல்லாருக்கும் விளங்கிவிடும். சொல்லாமல் இருக்கவும் பயமாக இருந்தது. கடைசியில் ஆமென் என்று கத்தியேவிட்டேன். எல்லாரும் கண் திறந்து என்னைப் பார்த்தார்கள், என் கணவரும் பார்த்தார். அவள் மட்டும் கண்ணைத் திறக்காமல் என் கையைத் தேடிப் பிடித்தாள். அன்று வீட்டுக்குப் போய்க் கணவரிடம் எல்லாம் சொல்லி அழுதேன்.

வெறும் கொழுப்புக் கட்டி என்று வெள்ளிக்கிழமை சொன்னார்கள். என் கணவர் சொல்லி விஷயம் பரவிவிட்டது; ஞாயிற்றுக்கிழமை சபை வாசலில் எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டு, உன் ஜெபம்தான் உன் ஜெபம்தான் என்றார்கள். எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.

"என் ஜெபத்துல என்ன இருக்கு? அக்கா சொன்னாங்களே ஒரு ஆமென், அதுதான்" என்றாள்.

பாருங்கள், இதிலும் என்னை முந்திவிட்டாள்.