ஒரு மணி நேரத்தில் காய்ந்த சுவர்

இத்தாலியில் காஸ்தெல்வேர்னோ என்ற ஊரின் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எர்சீலியா வேலைக்குச் சேர்ந்தபோது சின்னப் பெண். இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டாள். நோயாளிகளின் விரிப்புகளைச் சுடுநீரிலிருந்து எடுத்து எடுத்து விரல் முட்டிகள் பருத்துப் போயின. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "ஆண்டவர் ஆளை அனுப்பித்தான் இருப்பார், நான் அன்னிக்கு ஷிஃப்ட்ல இருந்திருப்பேன்" என்று சிரிப்பாள்.

அவள் மனசெல்லாம் கிறிஸ்துமஸ் குடிலில்தான். திராட்சை அறுப்பு முடிந்ததும் கோயிலுக்குக் கீழே உள்ள நிலவறையில் நாலைந்து பேர் கூடுவார்கள். தெர்மோகோலை வெட்டி வீடாக்கி, பட்டி பூசி, கல் கல்லாகக் கீறி, வர்ணம் கொடுத்து, ஒரு முழு மலையூரையே மேசைமேல் எழுப்புவார்கள். டிசம்பரில் அமலோற்பவ மாதா திருநாளன்று கதவைத் திறந்தால் அக்கம்பக்கத்து ஊரெல்லாம் பார்க்க வரும். கத்தியை எடுக்கும் முன் எர்சீலியா சிலுவை போட்டுக்கொள்வாள். பக்கத்தில் நிற்கும் க்வின்தோ போடமாட்டான். அவன் ஒரு கையில் எப்போதும் பன்றிக்கறி விழுது தடவிய ரொட்டி இருக்கும்.

க்வின்தோ ரொட்டி வண்டி ஓட்டுகிறவன். அவனுக்கும் அவள் வயதுதான். அவன் மகளுக்கு அவள் ஞானத்தாய். பழைய மலைவீட்டுச் சுவர் போலவே தோன்றும் ஒரு பூச்சை அவன்தான் கண்டுபிடித்தான். ஜிப்சம் மாவில் மரத்தூளும் பசையும் கலந்து பூசவேண்டும். அப்புறம் ஈரத்துணியால் மூடிவிட்டு, மறுநாள் வரை அந்தப் பக்கமே போகக்கூடாது. இதைக் கண்டுபிடிப்பதற்குள் அவன் எத்தனையோ சுவரைப் பாழாக்கியிருந்தான். அந்தப் பக்குவத்தை ஒளிக்காமல் எர்சீலியாவுக்கும் மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தான்.

குடில் கட்டுகிறவர்களுக்கென்றே 'கார்க்கும் பாசியும்' என்று ஒரு மாதப் பத்திரிகை வரும். முன்பெல்லாம் செய்முறையைப் படம் படமாகப் போட்டு விளக்குவார்கள். கொஞ்ச காலமாக அழகான படம் ஒன்று மட்டும் வரும், கீழே 'முழுச் செய்முறை வீடியோவில்' என்று ஒரு வரி. இணையத்தில் ஒன்பது யூரோ கட்டினால்தான் அந்த வீடியோ திறக்கும்.

"சமையல் குறிப்பைப் போட்டுட்டு உப்பு எவ்வளவுன்னு கேட்டா காசு கேக்கிறானுங்க" என்பான் க்வின்தோ.

"அவங்களும் சாப்பிடணும்ல? பத்திரிகைய யாரு வாங்குறா இப்ப?" என்பாள் எர்சீலியா.

அந்தப் பத்திரிகையிலிருந்தே ஒரு நாள் அவளுக்கு அழைப்பு வந்தது. அவள் அனுப்பிய குடில் படத்தைப் பார்த்துவிட்டார்களாம். அந்தச் சுவரை எப்படிச் செய்வது என்று வீடியோவில் காட்டவேண்டுமாம். எர்சீலியா முதலில் க்வின்தோவிடம்தான் கேட்டாள்.

"உன் சுவர். நீ வந்து செய்யேன்."

"எனக்கு அன்னிக்கு வண்டி இருக்கு. நீயே செய் மகாராணி. கேமராவுக்கு உன் மூஞ்சிதான் லாயக்கு."

சொன்ன சனிக்கிழமை வீடியோ எடுக்க லாப்போ என்ற பையன் தாடியோடும் விளக்குகளோடும் வந்து இறங்கினான். எர்சீலியா காலையிலேயே போய்த் தலைமுடியைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வந்திருந்தாள். வந்தவன் கேமராவை மேசைக்கு மேலே கவிழ்த்து மாட்டினான். கை மட்டும்தான் தெரியுமாம். மணிக்கட்டுக்கு மேலே ஒன்றும் வராது என்று தெரிந்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மத்தியானம் வரை எல்லாம் நன்றாகப் போயிற்று. பூச்சு பூசி முடிந்ததும், "இனி நாளைக்குத்தான்" என்று துணியை நனைக்கப் போனாள்.

லாப்போ பதறிவிட்டான். "நாளைக்கா? எனக்குச் சாயங்காலம் ரயில் இருக்கு சிஞ்ஞோரா. வேற வழியே இல்லையா?"

அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மிட்டாய் கேட்டு நிற்கிற குழந்தை மாதிரி நின்றான். எர்சீலியா வீட்டுக்கு ஓடிப்போய் முடி காயவைக்கும் மெஷினைக் கொண்டுவந்தாள். சூடான காற்று பட்டதும் சுவர் வெளுத்து இறுகிற்று. கீறிப் பார்த்தாள், கல் கல்லாக வந்தது. அப்போது அழகாகத்தான் இருந்தது.

"ஒரு மணி நேரத்துல காஞ்சிடும்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, போதும்" என்றான் லாப்போ.

சொல்லிவிட்டாள்.

நவம்பர் தொடக்கத்தில் வீடியோ வெளிவந்தது. அந்த வாரத்திலிருந்து க்வின்தோ நிலவறைக்கு வரவில்லை. குடிலில் தண்ணீர் ஆலையும் ஓடையும் வருகிற பக்கம் அவனுடையது. அங்கே வெறும் பலகை கிடந்தது. போன் அடித்தால், "வேலை" என்று சொல்லி வைத்துவிடுவான். திருநாளுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஆலை இல்லாமல்கூடக் குடிலைத் திறந்துவிடலாம். க்வின்தோ இல்லாமல் எப்படித் திறப்பது என்றுதான் எர்சீலியாவுக்குப் புரியவில்லை. அவன் மனைவி செத்த வருடம்கூட அவன் நிலவறைக்கு வராமல் இருந்ததில்லை.

பேர்தான் காரணம் என்று அவள் நினைத்தாள். இந்தப் பக்குவம் க்வின்தோவுடையது என்று அவள் வீடியோவில் சொல்லித்தான் இருந்தாள். நீளம் குறைக்கும்போது லாப்போ அதை வெட்டிவிட்டிருந்தான். அவனுக்குப் போன் செய்து கெஞ்சினாள். அவன் நல்ல பையன். அன்றைக்கே வீடியோவுக்குக் கீழே 'செய்முறை: க்வின்தோ, காஸ்தெல்வேர்னோ' என்று போட்டுவிட்டான். எர்சீலியா சந்தோஷமாகப் போனைத் தூக்கிக்கொண்டு க்வின்தோ வீட்டுக்குப் போனாள்.

அவன் பார்த்தான். காது சிவந்துபோயிற்று.

"எடு என் பேரை! விரிசல் விட்ட சுவத்து மேலயா என் பேரை எழுதி வச்ச?"

"என்ன விரிசல்?"

"நானும் ஒன்பது யூரோ கட்டிப் பாத்தேன். மொதல்ல உன் கை வந்துது, சந்தோஷமாத்தான் இருந்துது. அப்புறம் அந்த மெஷினு. எர்சீலியா, உனக்குத் தெரியாதா? குடிலுக்குள்ள பல்பு போட்டு மூணு நாள் எரிஞ்சா அது பாளம் பாளமா வெடிக்கும். ஓசியில சொன்னா கேக்கிறவன் போனாப் போகுதுன்னு விட்ருவான். காசு கட்டினவன் எந்தச் சுவத்துல முட்டிப்பான்?"

அவள் வீடு திரும்பினாள். மறுநாள் காலைப் பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனாள். கூண்டுக்குள்ளே இருந்த பங்குச்சாமி தோன் உல்தெரீக்கோவுக்குச் சளி பிடித்திருந்தது.

"முடி காயவைக்கிற மெஷினா?" என்றார் மூக்கைச் சிந்திக்கொண்டே. "அது எந்தக் கட்டளையில வருது?"

"ஒரு மணி நேரம் போதும்னு பொய் சொல்லிட்டேன் சாமி."

"அப்ப என்கிட்ட சொல்லிப் பிரயோஜனம் இல்ல. யார்கிட்ட சொன்னியோ அவங்ககிட்டப் போய்ச் சொல்லு" என்றார். ஜெபமாலையில் ஒரு பத்து மணி சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அதற்குள் வீடியோவுக்குக் கீழே குறைகள் வர ஆரம்பித்திருந்தன. வெரோனாவில் ஒருவருக்கு வெடித்துவிட்டது, தாரந்தோவில் ஒரு பள்ளிக்கூடத்துக் குடிலே போயிற்று. லாப்போ இனிமேல் வாங்குகிறவர்களுக்காக 'ஒரு நாள் காயவிடவும்' என்று ஒரு வரி சேர்த்தான். புதிதாகப் படம் எடுக்க ஜனவரி ஆகும் என்றான்.

"ஏற்கெனவே செஞ்சவங்களுக்கு? என் போன் நம்பரைப் போடு தம்பி."

"இத்தாலி பூராவும் உங்களைக் கூப்பிடும் சிஞ்ஞோரா!"

"கூப்பிடட்டும். எல்லாரும் திட்டறதுக்குத்தானே கூப்பிடப் போறாங்க, கொஞ்சமாத்தான் பேசுவாங்க."

யாரும் கொஞ்சமாகப் பேசவில்லை. ஒவ்வொருவரிடமும் அவள், "நான் சொன்னது தப்பு, ஒரு நாள் வேணும், மன்னிச்சிருங்க" என்றாள். சிலர் திட்டினார்கள். பலர் அதோடு விடாமல், "சரிம்மா, வெடிச்சதை இப்ப எப்படி ஒட்டறது?" என்று கேட்டார்கள். அது எர்சீலியாவுக்குத் தெரியாது. க்வின்தோ சொன்னபடியே செய்து வந்ததால் அவள் சுவர் ஒருநாளும் வெடித்ததில்லை. வெடித்த சுவரோடு மல்லுக்கட்டினவன் அவன் ஒருத்தன்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் க்வின்தோ ஆஸ்பத்திரிச் சமையலறை வாசலில் ரொட்டிக் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தான். சலவைக்கூடத்திலிருந்து எர்சீலியா ஈரக் கையோடு ஓடிவந்து போனை அவன் காதில் வைத்தாள்.

"சஸ்ஸாரியிலேர்ந்து ஒரு அம்மா. அழுறாங்க. நீ பேசு."

"நான் எதுக்கு? நீ பண்ணின கூத்துக்கு…"

"நான் பண்ணினதுதான். எனக்குச் சரிபண்ணத் தெரியல. உனக்குத் தெரியும்."

போனுக்குள்ளிருந்து அழுகைக் குரல், "ஹலோ, ஹலோ" என்றது. க்வின்தோ கூடையைக் கீழே வைத்தான்.

"ஆமாம்மா, க்வின்தோதான். அழாதீங்க. விரிசல் அகலமா, மயிரிழையா? நகம் போகுதா உள்ள? போகலியா? அப்பப் பரவால்ல. பாசிய வச்சு மறைக்காதீங்க, அது ஏமாத்து. பிரஷ்ஷைத் தண்ணியில நனைச்சு உள்ள விடுங்க. மாவைத் தண்ணியா, பால் மாதிரி கரைச்சு… இல்ல, மெஷின் வேணாம்! அதைக் கட்டிலுக்கு அடியில போடுங்க."

உள்ளேயிருந்து சமையல்காரர், "ரொட்டி எங்கய்யா?" என்று கத்தினார். க்வின்தோ ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் பேசிக்கொண்டே இருந்தான். முடித்ததும் போனைத் திருப்பிக் கொடுத்தான். அவளை நேராகப் பார்க்கவில்லை.

"இன்னும் எத்தனை பேர் இருக்காங்க?"

"சாயங்காலம்தான் நிறைய வரும். வேலையெல்லாம் முடிச்சிட்டுக் கூப்பிடுறாங்க. நான் அப்ப நிலவறையில இருப்பேன்."

"அங்க சிக்னலே கிடைக்காதே."

"படிக்கட்டுல நின்னா கிடைக்குது."

அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

அன்று சாயங்காலம் எர்சீலியா படிக்கட்டில் நின்று பெர்கமோக்காரர் ஒருவரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். க்வின்தோ ரொட்டியும் கையுமாக இறங்கி வந்தான். அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "யாருய்யா அது, பெண்பிள்ளைகிட்டக் கத்துறது? உம்ம சுவத்தைச் சொல்லும் மொதல்ல" என்றபடி படியிலேயே உட்கார்ந்துவிட்டான். இரண்டு பேருக்கும் பெரிய வாக்குவாதம். சண்டை மரத்தூளில் ஆரம்பித்துக் கால்பந்துக்குப் போயிற்று.

எர்சீலியா கீழே போனாள். ஆலைப் பக்கத்துப் பலகையைத் துடைத்தாள், மாவைச் சலித்து வைத்தாள். மேலேயிருந்து அவன் குரல் வந்தது.

"ஏய், அதைத் தொடாத! என் பக்கம் அது. இந்த ஆளை முடிச்சிட்டு வரேன்."