அம்மாவின் லூப்பைக்குள் ஒரு ஸூனி காப்பு

சுவிஸின் பேர்ண் நகரில் பழைய சாமான் விற்கும் ப்ரொக்கி ஒன்றில், அறுந்த கைக்கடிகாரப் பட்டிகளுக்கு நடுவே அந்தக் காப்பைக் கண்டதும் எடுத்து விளக்கொளியில் பிடித்தேன். அகலமான வெள்ளி. அதன்மேல் வரிவரியாக, நெல்லைவிட மெல்லிய நீல டர்க்காய்ஸ் கற்கள். ஒவ்வொரு கல்லுக்கும் தனித்தனி வெள்ளிக் கூடு. நியூ மெக்ஸிகோவில் வாழும் ஸூனி பழங்குடி மக்களின் பழைய வெள்ளி வேலைப்பாடு இப்படித்தான் இருக்கும். அதைப் பற்றித்தான் மறுநாள் நான் யூனியில், என் பல்கலைக்கழக வகுப்பில், பேச வேண்டியிருந்தது! எங்கள் குடும்பத்தில் யூனி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அசலையே கையில் தூக்கிக் காட்டினால் எப்படி இருக்கும்? ஆனால் அச்சில் வார்த்த போலிகளும் ஏராளம். போலியைத் தூக்கிக் காட்டினால் வகுப்பின் முன் மானம் போய்விடும்.

துணிந்து வாங்கிவிட்டு, பீல் நகருக்கு ரயிலில் வரும் வழியெல்லாம் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

வீட்டில் அம்மா அதை வாங்கித் திருப்பினார். "உதென்ன, கரி பிடிச்ச காப்பு? பொறு, புளி போட்டு மினுக்கித் தாறன்."

"ஐயோ அம்மா, புளி படப்படாது! கல்லு பழுதாப்போகும். அது ஊத்தை இல்லை, வேணுமெண்டே விட்ட கறுப்பு."

"ஊத்தைக்கும் யூனியிலை பாடம் நடக்குதோ? கொண்டா, உன்ரை ஊத்தையை நானும் ஒருக்காப் பாப்பம்."

அம்மாவுக்குக் கடிகாரத் தொழிற்சாலையில் வேலை. கண்ணில் இடுக்கிப் பார்க்கும் உருப்பெருக்கியான லூப்பை ஒன்று வீட்டிலும் வைத்திருந்தார். அதை மாட்டிக்கொண்டு குனிந்தவர் நெடுநேரம் நிமிரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னம்மா? அச்சிலை வாத்த போலியோ?"

"சத்தம் போடாதை. கல்லைச் சுத்தியிருக்கிற பல்லுகளைப் பார். ஒண்டு நீளம், ஒண்டு கட்டை. எங்கடை ஃபப்ரிக்கிலை மிஷின் அடிக்கிறதெல்லாம் ஒரே மாதிரி. இஞ்சை பார், கை வழுக்கிக் கீறியிருக்கு. பிறகு அதை அராவித் திருத்தியும் இருக்கு. அச்சிலை வாத்தது இல்லையடா, முழுக்கக் கைவேலை!"

நான் துள்ளிய துள்ளலுக்குக் கீழ்வீட்டுக்காரர் விளக்குமாற்றால் மேலே இடித்தார்.

உடனே அம்மா காப்பின் மேல் லூப்பையைப் பிடிக்க, நான் அதற்குள்ளால் கைபேசியில் படம் எடுத்தேன். "கையை ஆட்டாதையடா! அந்தக் கீறல் வடிவா விழவேணும்," என்று என்னைவிட அவர்தான் அவசரப்பட்டார்.

மறுநாள் வகுப்பில் அந்தக் கீறல் திரை முழுக்க விரிந்தது. முன்வரிசைப் பெண் எழுந்து வந்து, "அசலைத் தொட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டாள். கையில் கொடுத்தேன்.